சிமெண்டுத் தரையில் பிறக்கும் குட்டிகள்

சாந்திபுரம் மண்டலத்தில் நாலு பன்றியோ நாற்பது பன்றியோ வைத்துப் பிழைக்கிற அண்ணன்மார், தம்பிமார், அக்காமார் எல்லாருக்கும்,

நானும் உங்களில் ஒருவன்தான். குப்பம் – பலமனேர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி முக்கால் ஏக்கர் மல்பெரி, கொஞ்சம் மேட்டு நிலம், பின்னால் ஆறு தாய்ப்பன்றி. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கோலார் பக்கம் தீவனம் வாங்கப் போனால் கன்னடம் என்று மூன்று வாயால் பிழைப்பவர்கள் நாம். இதைத் தமிழில் எழுதுகிறேன், கொட்டிலில் நின்று நாம் பேசிக்கொள்வது இதில்தான் என்பதால். தெலுங்கு மட்டும் தெரிந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டார் படித்துச் சொன்னால் புண்ணியம்.

விஷயம் தாது உப்பு. அட, இதற்கா ஒரு மடல் என்று மடித்து வைத்துவிடாதீர்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள ஏழு குட்டிகளைப் பள்ளம் தோண்டிப் புதைக்க வேண்டியிருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கடன் வாங்கிக் கொட்டில் கட்டிய வருஷம். சிமெண்டுத் தரை, தண்ணீர் வழிந்தோடச் சாய்வு, மேலே தகரக் கூரை. பார்த்தவர்கள் எல்லாம் "வீட்டைவிடப் பன்றிக்கு நல்லா கட்டியிருக்கியே" என்றார்கள். முதல் ஈற்றிலேயே பதினொரு குட்டி. பத்து நாள்வரை ஒன்றுக்கும் ஒரு குறையும் இல்லை. பதினைந்தாம் நாள் விடியற்காலையில் போய்ப் பார்க்கிறேன், பதினொன்றிலும் கொழுகொழுவென்று இருந்த பெரிய குட்டி செத்துக் கிடக்கிறது. நோஞ்சான் எல்லாம் உயிரோடு இருக்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்த குட்டியின் காதைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். நல்ல குட்டியின் காது வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், நரம்பு ஓடும். இது மெழுகுத்தாள் மாதிரி வெளுத்திருந்தது. அடுத்த நாலைந்து நாளில் இன்னும் ஆறு. சாகிறதுக்கு முன்னால் ஒவ்வொன்றும் மூச்சு வாங்கும்போது விலா தூக்கித் தூக்கிப் போட்டது, ஓடி வந்த நாய்க்குப் போல.

கண் பட்டுவிட்டது என்றார் பாட்டி. பால் சரியில்லை என்றான் மச்சான். ஒரு மருந்துக் கடையில் தாய்க்குக் கொடுக்கச் சொல்லி டானிக் பாட்டிலை நீட்டினார்கள், அதையும் ஊற்றினேன். தாய் பளபளப்பானது, குட்டிகள் செத்துக்கொண்டிருந்தன.

பிறகு விஷயம் தெரிந்த ஒரு கால்நடை டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குத் தருகிறேன், வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பன்றிக்குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்புச்சத்து கையிருப்பு. ஒரே வாரத்தில் எடை இரட்டிக்கிற பிராணி அது, மூன்று வாரத்தில் நாலு மடங்கு ஆகிவிடும். உடம்பு வளர்கிற வேகத்துக்கு ரத்தமும் ஊற வேண்டும், அதற்குத் தினம் 7 மில்லிகிராம் இரும்பு வேண்டும். தாய்ப்பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம். மீதி ஆறும் கையிருப்பிலிருந்து போகிறது. ஐம்பதை ஆறால் வகுத்துப் பாருங்கள், எட்டு நாள். அதற்குப் பிறகு கடன். வேகமாக வளர்கிற குட்டி வேகமாகக் கடனாளியாகிறது, அதனால்தான் கொழுத்தது முதலில் விழுகிறது. தாய்க்கு எத்தனை டானிக் கொடுத்தாலும் பாலில் இரும்பு ஏறாது. அந்த வாசல் அடைத்திருக்கிறது.

அப்படியானால் நம் அப்பா, தாத்தா காலத்து நாட்டுப் பன்றிகள் எப்படிப் பிழைத்தன? அவை மண்ணில் பிறந்தன. ஐந்தாறு குட்டிதான் போடும், மெல்ல வளரும், பிறந்த சில நாளிலேயே தாயின் பின்னால் போய் மூக்கால் மண்ணைக் கிளறித் தின்னும். நம் மண்ணின் சிவப்பு எதனால் என்று நினைக்கிறீர்கள்? இரும்புத் துரு. யாரும் ஊசி போடவில்லை, யாரும் மூட்டை வாங்கவில்லை, ஏரிக்கரையும் முள்ளுக்காடும் கொடுத்தன. இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பன்றி மேய்த்த எருகுலக் குடும்பங்களுக்கு இது தெரியும். அவர்கள் வீட்டில் பேசும் மொழிகூடத் தமிழுக்கு நெருங்கின சொந்தம். பன்றி குழி பறிக்கிற இடத்தை வைத்தே அதற்கு என்ன குறை என்று சொல்கிற பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டோம்.

மண்ணில் மேய விட முடியாத காலம் வந்துவிட்டது, அதில் எனக்கு வாதம் இல்லை. பன்றி கடலைக் காட்டை உழுதுபோட்டுவிடும், பக்கத்துக் காட்டுக்காரன் சண்டைக்கு வருவான், குடலில் புழு ஏறும், நோய் பரவும். வளர்ப்பதும் இப்போது வெண்பன்றி. திருப்பதி வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய டி-17 ரகத்திலேயே நாலில் மூன்று பங்கு லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர், ஒரு பங்குதான் நாட்டுப் பன்றி. இவ்வளவு வேகமாக வளர்கிற ஜாதியைத் தூக்கிச் சிமெண்டில் வைத்தோம். மண் கொடுத்துக்கொண்டிருந்ததை இனி யார் கொடுப்பது என்று மட்டும் யோசிக்கவில்லை. நம்மை மட்டும் குறை சொல்லவும் வேண்டாம். ஸ்காட்லாந்தில் அபர்டீனில் இருக்கிற ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில் மெக்கோவன், கிரிக்டன் என்ற இருவர் 1920களில் இதைக் கண்டுபிடித்து எழுதும்வரை, கொட்டிலில் அடைத்த குட்டிகள் ஏன் வெளுத்துச் சாகின்றன என்று அங்கேயும் தெரியாது.

வழி மூன்று இருக்கிறது. நான் நம்புவது ஊசியைத்தான். அயர்ன் டெக்ஸ்ட்ரான் என்று கேளுங்கள். மூன்றாம் நாள், குட்டி ஒன்றுக்கு 200 மில்லிகிராம் கணக்கில், காதுக்குப் பின்னால் கழுத்துச் சதையில் போட வேண்டும். நூறு நூறாகப் பிரித்து மூன்றாம் நாளும் பதினான்காம் நாளும் போடச் சொல்கிற டாக்டர்களும் உண்டு, அதுவும் சரிதான். பாட்டிலைக் கையில் வாங்கியதும் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று படியுங்கள். 50 என்று போட்டதும் இருக்கிறது, 100, 200 என்று போட்டதும் இருக்கிறது. 'போன தடவை ஒரு மில்லி போட்டேன்' என்ற ஞாபகத்தில் போட்டால் ஒன்று கால்வாசிதான் போகும், இல்லையென்றால் நாலு மடங்கு போகும். தொடையில் குத்த வேண்டாம், நரம்பில் பட்டால் கால் இழுத்துக்கொள்ளும், கறியிலும் கறுப்புக் கறை நிற்கும். குத்துவதற்கு முன்னால் தோலைக் கட்டைவிரலால் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஊசியை எடுத்ததும் விட்டுவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும், மருந்து வழியாது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குட்டி விழுந்தால் அடுத்த குட்டியைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். தாய்க்குச் செலினியமும் வைட்டமின் ஈ-யும் குறைந்திருந்தால் அப்படி ஆவதுண்டு.

இரண்டாவது வழி நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள். கடலைச் செடி மஞ்சளடித்தால் என்ன தெளிப்போம்? அன்னபேதி. அதே அன்னபேதிதான். அரைக் கிலோவைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, தாயின் மடியில் தினமும் துணியால் பூசினால், பால் குடிக்கிறபோது குட்டி வாயில் போகும். விலை சல்லிசு. ஆனால் தினமும் செய்ய வேண்டும், காம்புக்காக முட்டி மோதித் தோற்கிற குட்டிக்குக் கொஞ்சம்தான் போகும். மூன்றாவது, மண்ணையே கொட்டிலுக்குக் கொண்டுவருவது. பன்றி நடமாடின இடத்து மேல்மண் ஆகாது, அதில் உருண்டைப்புழு முட்டை வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும். பன்றியே போகாத மேட்டில் ஒரு முழம் தோண்டி எடுத்த செம்மண்ணை ஒரு மூலையில் கொஞ்சம் கொட்டுங்கள், தினம் மாற்றுங்கள். நான் ஊசி போட்டாலும் இதையும் செய்கிறேன். குட்டிகள் அதில் மூக்கை விட்டு ஊதுவதைப் பார்க்கவே ஒரு சந்தோஷம்.

இரும்பு குட்டியின் கதை. தாயின் கதை சுண்ணாம்புச் சத்து.

நாம் என்ன போடுகிறோம்? தவிடு, கடலைப் புண்ணாக்கு, கொஞ்சம் மக்காச்சோளம், ஓட்டல் எச்சில், வி.கோட்டை மார்க்கெட்டில் கழித்த தக்காளி. வயிறு நிறையும். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருக்கிறது, கால்சியம் நூற்றில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பன்றிக்கு வேண்டியது கிட்டத்தட்ட நேர் எதிர்க் கணக்கு. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ ஒரு கால் பங்கு கூடுதலாகவோ இருக்க வேண்டும். போதாததற்குத் தவிட்டில் இருக்கிற பாஸ்பரஸில் பெரும்பாகம் ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. மாட்டின் பெருவயிற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள் அந்தப் பூட்டைத் திறக்கும், பன்றியின் வயிற்றில் சாவி இல்லை.

பன்றிப் பால் ஒரு லிட்டரில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. நாளைக்கு ஆறு லிட்டர் கறக்கிற தாய் 12 கிராம் கொடுத்தாக வேண்டும். தீவனத்தில் வரவில்லையென்றால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். பால் மறந்த பிறகு ஒரு நாள் பின்னங்கால் மடிந்து உட்கார்ந்துவிடும். எழுப்பினால் கத்தும், இடுப்பு தூக்காது. 'வாதம்' என்று சொல்லிக் கசாப்புக்கு அனுப்புகிறோமே, அதில் எத்தனை வாதம், எத்தனை நம் தவிடு என்று எண்ணிப் பாருங்கள். கடலை விழுது இறங்குகிற நேரத்தில், காய் பொக்காகிவிடும் என்று ஜிப்சம் போட நமக்கு யாரும் சொல்ல வேண்டாம். பால் கொடுக்கிற பன்றிக்கு மட்டும் ஏன் கை வரமாட்டேன் என்கிறது?

கிடைக்கிற பொருள்கள் இருக்கின்றன. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம், அதாவது ஒரு லிட்டர் பாலில் போவது. ஓட்டலில் வாங்கி, வேக வைத்து, காய வைத்து, மாவாக இடித்துப் போடலாம். நம் ராகி இருக்கிறதே, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அரிசி பக்கத்திலேயே வராது. களி கிண்டின பானையில் ஒட்டினதை வழித்துப் பன்றிக்கு ஊற்றின நம் அம்மாக்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, சரியாகச் செய்தார்கள். ராகியையும் தவிட்டையும் முதல் நாள் இரவே ஊறப்போட்டால் அந்தப் பூட்டும் கொஞ்சம் தளரும். பாஸ்பரஸும் சேர்ந்து வேண்டுமென்றால் டைகால்சியம் பாஸ்பேட், டிசிபி என்று கேளுங்கள். தீவனத்துக்கு என்று போட்டதையே வாங்க வேண்டும். உரக்கடையில் விற்கிற பாஸ்பேட்டை அள்ளிப் போடாதீர்கள், அதில் புளோரின் இருக்கும், பல்லும் எலும்பும் போய்விடும்.

இங்கே நான் செய்த இரண்டாவது தப்பைச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புச் சத்து நல்லது என்று கேள்விப்பட்டதும் முட்டை ஓடு, கிளிஞ்சல் தூள், சுண்ணாம்புக்கல் மாவு என்று அள்ளிக் கொட்டினேன். இரண்டு மாதத்தில் வளரும் குட்டிகளுக்குக் காலிலும் அடிவயிற்றிலும் காதோரத்திலும் தோல் தடித்து, வறண்ட ஏரி மாதிரி வெடித்துப் பொருக்குத் தட்டியது. சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் பூசினேன், ஊசி போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. சொறி பிடித்த பன்றி ஓயாமல் சுவரில் தேய்க்கும். இவை தேய்க்கவே இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தை நான் கவனித்திருந்தால் பாதிச் செலவு மிச்சம். கால்சியம் மிஞ்சினால் அது ஃபைட்டேட்டோடு சேர்ந்து துத்தநாகத்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது, உடம்புக்குப் போக விடுவதில்லை. டக்கர், சால்மன் என்ற இருவர் அமெரிக்காவின் அலபாமாவில் 1955-இல் சொன்ன விஷயம் இது, நான் என் கொட்டிலில் காசு கொடுத்துப் படித்தேன். சுண்ணாம்பைக் குறைத்து, தீவனத் தரத்துத் துத்தநாக உப்பு சேர்த்த பிறகு சில வாரத்தில் பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வந்தது. நெல்லுக்குப் போடுகிற ஜிங்க் சல்பேட்டைப் பன்றிக்குப் போட நினைப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், உரத் தரத்தில் ஈயமும் காட்மியமும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

இனி சாதாரண உப்பு. நம்மில் பாதிப் பேர் ஓட்டல், கல்யாண மண்டபச் சாப்பாட்டை நம்பி இருக்கிறோம். அதில் சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேர்த்து உப்பு ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. அதன் மேல் உப்புப் போட வேண்டாம். தானியமும் தவிடும் மட்டும் போடுகிறவர்கள் 100 கிலோவுக்கு அரைக் கிலோ, அயோடின் உப்பாக. ரோமமே இல்லாமல், கழுத்து வீங்கிச் செத்துப் பிறக்கிற குட்டிகளைத் தடுப்பது அந்த அயோடின்தான்.

உப்பைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். ஒரு முகூர்த்த நாளில் வந்த சாப்பாட்டை என் பக்கத்துக் கொட்டில்காரர் ஊற்றினார். அன்றைக்குக் கரண்டு இல்லை, போர் ஓடவில்லை, தொட்டி காலி. மறுநாள் பன்றிகள் ஒரே பக்கமாக வட்டம் சுற்றின, தலையைச் சுவரில் முட்டி நின்றன, நாய் மாதிரி உட்கார்ந்து பின்னால் சாய்ந்து வெட்டி வெட்டி இழுத்தன. பேய் என்றார்கள், வெறி என்றார்கள். உப்பு விஷம் அது. தண்ணீர் இல்லாமல் உப்பு மூளைக்கு ஏறியது. அதைவிடக் கொடுமை, கரண்டு வந்ததும் தொட்டியை நிரப்பிவிட்டார். தாகத்தில் ஒரேயடியாகக் குடித்ததால் மூளை வீங்கி, பிழைத்திருக்க வேண்டியவையும் செத்தன. அப்படி ஆனால் டாக்டர் வரும்வரை மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். எச்சில் சாப்பாட்டைக் கொதிக்க வைக்காமல் ஊற்றாதீர்கள் என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020-இல் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது, அதற்கு மருந்து கிடையாது.

இனி செலினியம். அது குறைந்தால் வருகிற நோய்க்கு இங்கிலீஷில் பெயர் மல்பெரி இதய நோய். கொழுத்த பன்றி திடீரென்று சாகும், அறுத்துப் பார்த்தால் இதயம் முழுக்க ரத்தப் புள்ளி தெறித்து, பழுத்த மல்பெரிப் பழம் மாதிரி இருக்கும். பட்டுப்புழுவுக்கு இலை பறிக்கிற நம் ஊரில் யாராவது பெயரைக் கேட்டு மல்பெரி இலை போட்டதால் வந்தது என்று பயந்துவிடப் போகிறார்கள். இலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செலினியத்தைக் கையால் கலக்கும் வேலையும் வேண்டாம், வேண்டிய அளவுக்கும் விஷத்துக்கும் நடுவே இடம் கொஞ்சம்தான். கலந்து வருகிற மூட்டையிலேயே இருக்கட்டும்.

அந்த மூட்டைக்கு வருவோம். தெலுங்கில் 'கனிஜ லவண மிஸ்ரமம்' என்று அச்சடித்திருக்கும். 100 கிலோ தீவனத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. பன்றிக்கு என்றே செய்தது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காத மாதத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட மாட்டுத் தாது உப்பு பரவாயில்லை. அந்தத் தரத்தின்படி கால்சியம் 20, பாஸ்பரஸ் 12 சதவீதம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், அயோடின் எல்லாம் உண்டு, செலினியம் அதில் சேராது. மூட்டையின் பின்பக்கத்தில் அளவு அச்சடிக்காமல் விற்பது எதுவாக இருந்தாலும் அது வெறும் சுண்ணாம்புக்கல் மாவு என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுங்கள். யூரியா கலந்த கட்டி பன்றிக்கு உதவாது. இன்னொன்று, நம்மில் பல பேர் வீட்டில் ஆடும் இருக்கிறது. பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்கென்று தாமிரம் நிறையச் சேர்த்திருப்பார்கள், அது செம்மறிக்கு விஷம். பன்றித் தொட்டியில் செம்மறி வாய் வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் உங்களுக்குத் தனித்தனியாகச் சொல்லாமல் எல்லாருக்குமாகச் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இரும்பு ஊசி பாட்டிலைத் திறந்துவிட்டால் வைத்து வைத்துப் போட முடியாது. ஒரே ஒரு ஈற்றுக்காக முழுப் பாட்டில் வாங்க யாருக்கும் மனசு வராது, அதனாலேயே வாங்காமல் விடுகிறோம். மூன்று வீட்டுப் பன்றிகள் ஒரே வாரத்தில் ஈனும்படி சேர்க்கையைப் பேசி வைத்துக்கொண்டால் ஒரு பாட்டில் மூன்று வீட்டுக்கும் போதும். 25 கிலோ மூட்டையும் அப்படித்தான். ரைத்து சேவா கேந்திரத்துக்குத் தனி ஆளாகப் போய்ப் பன்றிக்குத் தாது உப்பு வேண்டும் என்று கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு அலுவலகத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாடு எத்தனை?" என்றுதான் கேட்டார்கள். மாடு இல்லை, பன்றி என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. பதினைந்து பேர் கையெழுத்தோடு ஒரு தாள் போனால் அந்தப் பேனா நகரும். பன்றிகளுக்கென்றே அகில இந்திய ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் நம் திருப்பதிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. குண்டூருக்கோ ஹைதராபாத்துக்கோ ஓட வேண்டியதில்லை. நாம்தான் போய்க் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்ய முடிவது. உங்கள் கொட்டிலில் அடுத்து ஈனப் போகிற தாய்ப்பன்றி எது என்று பாருங்கள். சேர்த்த நாளிலிருந்து மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் கூட்டி, அந்தத் தேதியைக் கரித்துண்டால் சுவரில் எழுதுங்கள். அதற்குக் கீழே, மூன்று நாள் தள்ளி இன்னொரு தேதி எழுதி, பக்கத்தில் 'ஊசி' என்று எழுதுங்கள். குட்டி முந்திப் பிறந்தாலும் பிந்திப் பிறந்தாலும் கீழ்த் தேதியை அழித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
சாந்திபுரம்.